நூற்றுப் பன்னிரண்டு மடி

பட்டி வாசலில் ஷர்ஷென் காவலுக்கு நின்றான். உள்ளே கனிஷாய் கறந்துகொண்டிருந்தாள்.

காவல் திருடனுக்காக இல்லை. வளைவில் ஜீப் வெளிச்சம் தெரிந்தால் அவன் இரண்டு தடவை இருமவேண்டும். அதுதான் ஏற்பாடு. இருமல் கேட்டதும் அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கத்துச் சுவரின் இடிந்த இடத்தைத் தாண்டி வீட்டுக்குள் போய்விடுவாள். அவன் உள்ளே வந்து வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வான். பட்டிக்கு உடைமைக்காரி மிந்தோனியா ஜீப்பை நிறுத்திவிட்டு எட்டிப்பார்க்கும்போது, சம்பளத்துக்கு வைத்த ஆள் ஆட்டின் பின்னால் உட்கார்ந்திருப்பான், வாளி நிறைந்திருக்கும். அவளுக்கு அது போதும். கேன்களை ஏற்றிக்கொண்டு பாலாடைக்கட்டி ஆலைக்குப் போய்விடுவாள்.

நாலு மாதமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கனிஷாய் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது தொடையை நிமிர்த்தி, வாளியின் கயிற்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு கறப்பாள். குதிரை கறக்கிற முறை அது. கிர்கிஸ் நாட்டில், நரின் பக்கத்தில் பன்னிரண்டு வயதில் பழகியது, உடம்போடு வந்துவிட்டது. தூக்கம் பாதி கண்ணிலேயே இருக்கும். ஆட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்தால் உள்ளே வயிறு கடகடவென்று ஓடுவது, தூரத்து வீட்டில் யாரோ மாவு அரைப்பதுபோலக் கேட்கும். பனி பட்டிக்குள்ளேயும் வந்து நிற்கும். எது ஆடு, எது பனி என்று தெரியாது. கைக்கு மட்டும் தெரியும். சூடான இரண்டு காம்பு, ஒரு வாளி, அடுத்தது. சில நாள் நாற்பது ஆடு கறந்த பிறகுதான், தான் விழித்துக்கொண்டதே அவளுக்கு உறைக்கும். அதற்குள் கிழக்கே கோடுபோல ஒரு வெள்ளை தெரியும். கடல் என்றார்கள். அவள் பிறந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை நாடு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், வானத்தை யாரோ அந்த ஓரத்தில் சரியாகத் தைக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

சர்தீனியாத் தீவுக்கு ஆட்டுக்காரக் குடும்பம் வேண்டும் என்று ஏஜெண்டு சொன்னபோது ஷர்ஷென் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அறுநூறு ஆட்டைக் குதிரைமேல் உட்கார்ந்து பனிமலை தாண்டி ஓட்டியவன். ஆடு எங்கேயும் ஆடுதானே என்றான். இங்கே வந்து முதலில் ஆட்டின் பின்புறத்தைத்தான் பார்த்தான்.

"வால்ல கொழுப்பே இல்ல. வெறும் கயிறு. இத ஆடுன்னு சொல்லி வளக்கறாங்களா?"

மறுநாள் மிந்தோனியா அவன் கையில் வாளியைக் கொடுத்தாள். அவன் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துவந்து ஆடுகளுக்கு முன்னால் வைத்தான். மிந்தோனியாவின் சித்தப்பா மகன் லுசோரியு பக்கத்துப் பட்டிக்காரன். அவன் சுவர்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்த சிரிப்பில் விழுந்திருப்பான்.

"மிந்தோனியா, நல்ல ஆளாப் புடிச்ச! ஆட்டுக்குக் காப்பியும் போட்டுக் குடுப்பான்போல!"

அவள் போனை எடுத்து அதில் பேசினாள். போன் ஒரு பெண்குரலில் கிர்கிஸ் மொழியில் சொன்னது: நீ ஆடு கறக்கவேண்டும், காலையும் மாலையும், நூற்றுப் பன்னிரண்டு.

ஷர்ஷெனின் முகம் அறுத்துப்போட்ட ஈரல் மாதிரி ஆனது. அவன் ஊரில் ஆம்பளை குதிரையைப் பழக்குவான், மந்தையை ஓட்டுவான், மயிர் கத்தரிப்பான், அறுப்பான். மடியில் கை வைக்கமாட்டான். கறப்பது பொம்பளை வேலை. வைத்தான் என்று தெரிந்தால் அவன் பேரப்பிள்ளைக்குப் பெண் கேட்கப் போகும்போதும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இங்கேயோ தலைகீழ். மடி ஆம்பளையுடையது. பொம்பளை ரொட்டி சுடுவாள், பாலாடைக்கட்டிக்கு உப்புத் தடவுவாள், பட்டிக்குள் வரமாட்டாள். மிந்தோனியாவுக்கு வயது ஐம்பத்தாறு. ஆட்டோடு பிறந்து ஆட்டோடு வளர்ந்தவள். ஒரு காம்பைக்கூட இழுத்துப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் ஷர்ஷென் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தான்.

"கெளம்பு. ஊருக்குப் போலாம்."

"நா கறக்கறேன்," என்றாள் கனிஷாய்.

"இந்த ஊருல பொம்பள கறந்தா சிரிப்பாங்க. பாத்தல்ல, அந்தச் சொவத்துமேல உக்காந்திருந்தவன?"

"யாரும் பாக்காம கறக்கறேன். நீங்க வாசல்ல நில்லுங்க."

அவன் பெட்டியைத் திரும்பத் தள்ளினான். அவள் அப்படிச் சொன்னது அவன் மானத்துக்காக என்றுதான் அவன் நினைத்தான். அவளும் அப்படியே நினைக்க விட்டுவிட்டாள்.

உண்மையில் அது வீட்டுக்காக. ஒரு அறை, ஒரு அடுப்படி, தகரக் கூரை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், பச்சைக் கதவு, அதற்கு ஒரு சாவி. வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். நரினில் ஷர்ஷென் கடைசிப் பிள்ளை, அதனால் பெற்றவர்களோடுதான் இருக்கவேண்டும். பதினோரு பேர் உள்ள வீட்டில் ஒன்பது வருஷம் அவள் மருமகள். முதல் ஆளாக எழுந்திருப்பாள், கடைசி ஆளாகப் படுப்பாள். தேநீரை ஊற்றி ஊற்றிக் கொடுப்பாள், தனக்கு ஊற்றும்போது இலை செத்துப்போயிருக்கும். தலைத்துணி நழுவினால் மாமியார் தொண்டையைச் செருமுவாள். பிள்ளை இல்லாததற்கு யாரும் வாயால் திட்டவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்காரும் குழந்தையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

இங்கே முதல் நாள் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் படுத்தாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் ஒரு பாயை விரித்தது, அது நகர்ந்து நகர்ந்து அவள் காலடிக்கு வந்தது. செத்துப்போய் நல்ல இடத்துக்கு வந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். கை வலி மட்டும் இல்லையென்றால் அப்படியே நம்பியிருப்பாள். இரண்டு வேளையும் நூற்றுப் பன்னிரண்டு மடி. விரல்கள் இரவெல்லாம் தூக்கத்திலும் மடங்கி மடங்கி விரியும். அந்த வலியோடேதான் அந்த வீடு அவளுடையதாக இருந்தது.

மே மாதம் பத்தாம் தேதிக்குள் கீழ்வயல் புல் மஞ்சளாகிவிட்டது. ஒரு வாரத்தில் காய்ந்து சரசரவென்றது. ஷர்ஷென் காலையில் ஒரு கைப்பிடி பிடுங்கி மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"செத்துப்போச்சு."

"மிந்தோனியா அக்கா மூட்டைத் தீவனம் போடறாங்கல்ல?"

"மூட்டைத் தீவனம்! ஆடு என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கு? மேல பாரு."

மேலே மலை இருந்தது. இத்தனை மாதமும் பனிமூட்டத்துக்குள் இருந்த மலை வெயில் வந்ததும் வெளியே வந்து நின்றது. உச்சியில் பச்சை, ஒரு ஆடு இல்லை, ஒரு ஆள் இல்லை. ஷர்ஷென் அதைப் பார்த்த விதம் கனிஷாய்க்குத் தெரியும். அவளுடைய அப்பாவும் அண்ணன்களும் மே மாதத்தில் மலையை அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவர்கள் ஊரில் யாரும் இதற்கு யாரிடமும் கேட்பதில்லை. மந்தை யாருடையதாக இருந்தாலும், மலையேறும் நாளைக் குறிப்பவன் மேய்ப்பன். பசித்தவன் சாப்பிடலாமா என்று கேட்பானா? உடைமைக்காரன் பத்து நாள் கழித்துக் குடும்பத்தோடு மேலே வருவான், விருந்து சாப்பிடுவான், நல்ல புல்லுக்கு வந்திருக்கிறாய் என்று மேய்ப்பனின் முதுகில் தட்டிவிட்டு இறங்குவான். மிந்தோனியாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று கனிஷாய்க்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் போய்விட்டது. நாலு மாதத்தில் முதல் தடவையாக ஷர்ஷென் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் ஏற ஆசையாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, அதுதான் காரணம்.

வியாழக்கிழமை காலை மிந்தோனியா பாலை ஏற்றிக்கொண்டு போனதும் கிளம்பினார்கள். மலையேறும் நாளில் நல்ல துணி உடுத்தவேண்டும். கனிஷாய் கல்யாணத்துச் சிவப்புத் தலைத்துணியைக் கட்டினாள். ஷர்ஷென் வெள்ளைக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டான். முன்னால் போகும் கிழட்டு ஆட்டின் கழுத்தில் ஒரு சிவப்புக் கந்தலைக் கட்டினான். மாவு, எண்ணெய், கொப்பரை, இரண்டு வாளி, ஒரு கம்பளி. கதவைப் பூட்டிச் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஏறுவது கனவில் ஏறுகிற மாதிரி இருந்தது. கல்சுவர்களுக்கு நடுவில் பாதை, சுவர் முடிந்ததும் தக்கை மரங்கள். அடிமரத்துத் தோலை உரித்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. ஆடுகள் தாமாகவே ஏறின, அவற்றுக்கும் யாரோ தேதி சொல்லியிருந்ததுபோல. காட்டுப்பூவின் வாசம் அலை அலையாக வந்தது. நடுவில் ஒரு மேகம் அவர்கள்மேல் நடந்து போனது. அதற்குள் ஷர்ஷென் பாடிக்கொண்டு போனது கேட்டது, ஆளைக் காணவில்லை. மேகம் போனதும் மேலே வந்திருந்தார்கள். மட்டமான பச்சை, நடுவில் ஒரு ஊற்று, கூரை இடிந்த கல்வீடு ஒன்று. கீழே அந்த வெள்ளைக் கோடு இப்போது கோடாக இல்லை. கடல் எழுந்து வானத்தில் பாதி வரைக்கும் நின்றுகொண்டிருந்தது.

"ஒரு குதிர மட்டும் இருந்தா," என்றான் ஷர்ஷென்.

"இருந்தா?"

"எறங்கவே மாட்டேன்."

அன்று மாலை கறந்தாள். யாரும் வரமாட்டார்கள் என்பதால் திறந்தவெளியில், வெயிலில் கறந்தாள். காற்று வாளிக்குள் பால் விழும் சத்தத்தை எடுத்துக்கொண்டு போனது. கறந்து முடித்து வாளிகளைப் பார்த்தாள். வழக்கத்தைவிட நாலு விரற்கடை குறைவாக இருந்தது. ஆடு மலையேறினால், தின்ற புல்லில் கால்கள் எடுத்துக்கொண்டதுபோகத்தான் மடிக்கு. அவள் ஊரில் ஆட்டைக் கறக்க வளர்ப்பதில்லை, அறுக்க வளர்க்கிறார்கள். அங்கே புல் போதும். இங்கே புல் மட்டும் போதாது. அது அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோனது.

சொல்லவில்லை. அவன் பாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் இன்னும் குறைந்தது. பால் ஊற்றுத் தண்ணீரில் குளிர்ந்துகொண்டிருந்தது. ஷர்ஷென் ஈர விறகைப் போட்டுப் புகையெழுப்பினான்.

"பொகையப் பாத்தா அக்கா வந்துருவாங்க. மொத தடவ வர்றாங்க, வெறுங்கையோட அனுப்பக் கூடாது. போர்சோக் சுடு."

அவள் மாவைப் பிசைந்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, எண்ணெயில் போட்டாள். துண்டுகள் உப்பி மிதந்தன. கல்வீட்டின் முன்னால் துணியை விரித்து போர்சோக்கைக் குவித்து வைத்தாள். விருந்தாளிக்காகக் காத்திருந்தார்கள்.

கீழே என்ன நடந்தது என்பது அவர்களுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. மாலைப் பாலையும் சேர்த்து ஏற்ற மிந்தோனியா வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் பட்டி காலி, வீடு பூட்டு. அந்தப் பக்கத்தில் காலிப் பட்டிக்கு ஒரே அர்த்தம்தான். முந்நூறு வருஷமாக ஒருவன் ஆட்டை ஒருவன் ஓட்டிக்கொண்டு போய், அதற்காகச் சுட்டுக்கொண்டு செத்த ஊர். அவள் தேவாலய வாசலில் நின்று கத்தியிருக்கிறாள். லுசோரியு ஆள் சேர்த்திருக்கிறான். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் லாரிகளை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் வனக்காவலன் ஒருவன், மலையில் புகை தெரிகிறது என்று சொல்லியிருக்கிறான்.

மூன்று ஜீப் வந்தது. ஷர்ஷென் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"பாத்தியா, ஊரையே கூட்டிட்டு வர்றாங்க!"

இறங்கியவர்கள் எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் போலீஸ். மூன்று பேர் கையில் பன்றி சுடும் துப்பாக்கி. ஷர்ஷென் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். "வாங்க, வாங்க, உக்காருங்க," என்று தன் மொழியில் சொல்லி விரித்த துணியைக் காட்டினான். லுசோரியு அவன் சட்டையைப் பிடித்தான். தொப்பி கீழே விழுந்து உருண்டது.

மிந்தோனியா யாரையும் பார்க்கவில்லை. ரப்பர் பூட்ஸோடு ஆடுகளுக்கு நடுவில் நடந்தாள். உதடு அசைந்தது. ஒரு தடவை எண்ணினாள், திரும்ப எண்ணினாள். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அழுதாளா, மூச்சு வாங்கினாளா என்று சொல்லமுடியாது.

"இருக்கு," என்றாள். "எல்லாம் இருக்கு. அவன வுடு."

"வுடவா? திருட்டுப் பய, பலகாரம் சுட்டு வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான்!"

"திருடுனவன் பொகை போடுவானா, மூள இருக்கா ஒனக்கு?"

பின்னால் நின்ற ஒருவன் இதற்குள் ஒரு போர்சோக்கை எடுத்து வாயில் போட்டிருந்தான். எல்லோரும் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான், பிறகு மென்றான்.

மேலே போன் எடுக்கவில்லை. அந்தப் பெண்குரல் இல்லை. நாலு மாதத்தில் கனிஷாய் கடையிலும் தேவாலய வாசலிலும் பொறுக்கிச் சேர்த்த வார்த்தைகள்தான் இருந்தன. அவற்றைக் கையோடு சேர்த்துச் சொன்னாள்.

"கீழ புல் செத்துச்சு, அக்கா. மேல பச்ச. எங்க ஊருல இப்பிடித்தான் ஏறுவோம். நீங்க வருவீங்கன்னு நெனச்சோம். விருந்துக்கு."

"விருந்துக்கா!" மிந்தோனியா கையை வானத்துக்குத் தூக்கினாள். "எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு, இவ விருந்துங்கறா!"

மணி ஐந்தாகியிருந்தது. ஆடுகள் தாமாகவே கூடிவந்து கத்தத் தொடங்கின. மடி கனத்துவிட்டால் ஆடு யாருடைய சண்டைக்கும் காத்திருக்காது. லுசோரியு அதைப் பார்த்தான்.

"கறக்கச் சொல்லு ஒன் ஆள. ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தியே, குதிரக்காரன் கை, ஒரு சொட்டு மிச்சம் வெக்கமாட்டான்னு. நாங்களும் பாக்கறோம்."

மிந்தோனியா வாளியை எடுத்து ஷர்ஷென் கையில் கொடுத்தாள். "கற."

அந்த ஒரு வார்த்தை அவனுக்கும் தெரியும். அவன் கனிஷாயைப் பார்த்தான். அவள் அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய் ஒரு ஆட்டின் பின்னால் குந்தினான், நாலு மாதமாக ஜீப் வரும்போதெல்லாம் குந்தியது போலவே. கையை நீட்டினான். காம்பைப் பிடித்தான், மணியடிக்கிறவன் கயிற்றை இழுப்பதுபோல இழுத்தான். ஆடு உதைத்தது. வாளி சரிவில் கடகடவென்று உருண்டு போனது.

மலையே சிரித்தது. போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். ஷர்ஷென் குந்திய இடத்திலேயே இருந்தான். கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

கனிஷாய் இன்னொரு வாளியை எடுத்தாள். கயிற்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு, வலது முழங்காலை ஊன்றி, அந்த ஆட்டின் விலாவில் நெற்றியை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பு தூரத்துக்குப் போனது, உள்ளே மாவு அரைக்கிற சத்தம் பக்கத்தில் வந்தது. பால் இறங்கியது.

"டேய், பொம்பள கறக்கறாடா!" என்றான் ஒருவன்.

"முட்டி போட்டுக் கறக்கறா. பூசைக்கு வந்தவ மாதிரி."

பத்தாவது ஆட்டிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பதாவதில் போலீஸ்காரர்கள் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அறுபதாவதில் போர்சோக் தீர்ந்துவிட்டது. மிந்தோனியா மட்டும் பக்கத்தில் வந்து குனிந்து நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

"மொத நாள்லேர்ந்து."

"அப்ப அந்த இருமல்?"

"நீங்க வர்றீங்கன்னு எனக்குச் சொல்றதுக்கு."

"அடிப்பாவி! நா அவனுக்கு நெஞ்சுல சளின்னு டாக்டர்கிட்ட மருந்து கேட்டு வெச்சிருக்கேன்!"

கனிஷாய்க்குச் சிரிப்பு வந்தது. ஆட்டின் விலாவிலேயே சிரித்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"பால் கொறஞ்சிருச்சு, அக்கா. நேத்து நாலு வெரல். இன்னிக்கு ஆறு. ஏறியிருக்கக் கூடாது."

"தெரிஞ்சுதா ஒனக்கு?"

"நேத்தே தெரிஞ்சுது."

மிந்தோனியா லுசோரியு பக்கம் தாடையைக் காட்டினாள்.

"எங்கண்ணன் செத்தப்பறம் மூணு வருசம் இவன் வந்துதான் கறந்தான். பாதிப் பால் எனக்கு, பாதி அவனுக்கு. ஆடு என்னுது, புல் என்னுது. கை அவனோடது. பொம்பளைக்குக் கறக்க வராதுன்னு எனக்குச் சொன்னவனும் அவன்தான்."

"ஒனக்கு வராதுதானே!" என்றான் லுசோரியு.

"ஆமா, வராது. இவளுக்கு வருது." அவள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "இங்க பாரு, பொண்ணு. காலைல ஆடு கீழ எறங்கணும். இன்னொரு தடவ என்னைக் கேக்காம ஒரு அடி ஏறுனீங்க, போலீஸ நானே கூப்புடுவேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"வேலைக் காகிதத்த ஒம்பேருக்கு மாத்தறேன். கறக்கறவளுக்குத்தான் வேல. வேலைக்குத்தான் வீடு. கறக்கத் தெரியாதவனுக்கு நா வீடு குடுக்கல. அவன் அதுல இருக்கணுமா வேணாமான்னு நீ சொல்லு. நா சொல்ல மாட்டேன்."

ஆண்கள் எல்லோரும் ஷர்ஷெனைப் பார்த்தார்கள். அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தங்களைப் பற்றித்தான் என்பது மட்டும் புரிந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டான்.

கனிஷாய் எழுந்து நின்றாள். முழங்காலில் ஈர மண் ஒட்டியிருந்தது. இப்போது எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மன்னிச்சுட்டாங்க, கீழ போகச் சொல்றாங்க, அவ்வளவுதான் என்று சொன்னால் முடிந்துபோகும். காகிதத்தை அவன் படிக்கப்போவதில்லை. நாலு மாதம் அவன் மானத்தை வாசலில் நிறுத்திவைத்துக் காப்பாற்றியாயிற்று, இன்னும் நாலு வருஷம் காப்பாற்ற முடியாதா? வாய்வரைக்கும் வந்தது.

"வேலைய எம்பேருக்கு மாத்தறாங்களாம்," என்றாள். "வீடும் எம்பேருல வருமாம். நீங்க அதுல இருக்கணுமான்னு என்னக் கேக்கறாங்க."

அவன் அதைக் காதில் வாங்கி, உள்ளே இறக்குவதற்கு நேரமானது.

"ஒன்னயவா?"

"ஆமா."

"நாளைக்கே ஊருக்குப் போறோம்."

"நீங்க போறதுன்னா போங்க. நா வரல."

"யாருகிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"ஒங்ககிட்டதான்."

"எங்கம்மாவுக்கு என்னன்னு சொல்லுவேன்?"

"கறக்கறான்னு சொல்லுங்க."

அவன் போய்த் தொப்பியை எடுத்தான். தூசியைத் தட்டினான், ரொம்ப நேரம் தட்டினான். பிறகு கல்வீட்டுக்குப் பின்னால் போய்விட்டான்.

"என்ன முடிவு?" என்றாள் மிந்தோனியா. அந்தச் சண்டையில் அவளுக்கு எதுவும் விளங்காமல் இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு எந்த ஊரிலும் போன் வேண்டாம்.

கனிஷாய் வார்த்தைகளைத் தேடினாள். "கதவு தெறந்திருக்கும். வர்றதும் போறதும் அவரு பாடு."

அடுத்த நாள் காலையில் ஆடுகளோடு அவள் மட்டும் இறங்கினாள். லுசோரியு ஆள் அனுப்பி உதவுவதாகச் சொன்னான். மிந்தோனியா, உன் உதவிக்குப் பாதிப் பாலா முழுப் பாலா என்று கேட்டாள். பாதி வழியில் கனிஷாய் திரும்பிப் பார்த்தாள். மேலே ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஆள் இருக்கிறானா, கல் இருக்கிறதா என்று தெரியவில்லை.

மூன்று நாள் போயிற்று. அவன் சாப்பிட என்ன வைத்திருக்கிறான் என்று நினைப்பாள். மாவு இருக்கிறது, ஊற்று இருக்கிறது. பூட்டாத கதவைக் காற்று தள்ளும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். போய்விட்டால் என்ன செய்வாய் என்று தன்னையே கேட்டாள். காலையில் எழுந்து கறப்பேன் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. மழைக்கு முந்திய வானம்போல ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். அழுகை வரட்டும் என்று காத்திருந்தாள். கை வலிதான் வந்தது. பால் மட்டும் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு ஏறியது.

நாலாம் நாள் காலை, பனி பட்டிக்குள் வந்து நின்ற நேரம், வாசலில் யாரோ நிற்பதுபோலத் தெரிந்தது. அவள் கை நிற்கவில்லை.

ஷர்ஷென்தான். தாடி வளர்ந்திருந்தது, உடம்பில் புகை நாற்றம். உள்ளே வந்தான். பட்டிக்குள் கறக்கும் நேரத்தில் அவன் தானாக வந்தது அதுதான் முதல் தடவை. சுவரில் சாய்ந்து நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டான்:

"மாத்தியாச்சா?"

"நேத்து மாத்தியாச்சு."

"காகிதத்துல எம்பேரு இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"எம்பேருக்குக் கீழ."

அவன் யோசித்தான். ஒரு ஆடு கத்தியது. இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது.

"எழுத்து பெருசா, சின்னதா?"

"ஒரே அளவுதான்."

ஷர்ஷென் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கத்திக்கொண்டிருந்த ஆட்டின் பின்னங்காலைப் பிடித்து இழுத்துவந்து அவள் முன்னால் நிறுத்தி, அதன் கழுத்தை இரண்டு தொடைக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டான்.

"இத மொதல்ல கற," என்றான். "இது ஒதைக்கிற கழுத."